பி.எஃப். தாமதத்துக்குத் தண்டத் தொகை: நோட்டீஸ் முதல் தீர்ப்பாயம் வரை முதலாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கான சந்தாவை ஒரு நிறுவனம் தாமதமாகக் கட்டினால், கட்ட வேண்டிய தொகையோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை. சில மாதங்கள் கழித்தோ, சில சமயம் பல ஆண்டுகள் கழித்தோ, மண்டல வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து நீண்ட அட்டவணை ஒன்றை இணைத்துக்கொண்டு ஒரு நோட்டீஸ் வரும். அதை ஆடிட்டரிடமோ கன்சல்டன்டிடமோ தள்ளிவிட்டு, உத்தரவு வந்து வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே விழித்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் ஏராளம். தீர்ப்பாயத்தில் வெற்றி பெறும் மேல்முறையீடுகளுக்கு அடித்தளம் தீர்ப்பாயத்தில் போடப்படுவதில்லை. வைப்பு நிதி ஆணையர் முன் நடக்கும் முதல் விசாரணையில் எழுத்து மூலம் எதைப் பதிவு செய்தோம் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி மேல்முறையீட்டு மனுவில் தொடங்காமல் நோட்டீஸில் தொடங்குகிறது.

முதலில்: என்ன கேட்கிறார்கள் என்பதைப் பிரித்தறிதல்

1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்படி தாமதத்துக்கு இரண்டு தனித்தனிச் சுமைகள் உண்டு. ஒன்று பிரிவு 7கியூ-வின் கீழ் ஆண்டுக்கு 12 சதவீதத் தனி வட்டி. மற்றொன்று பிரிவு 14பி-யின் கீழ் விதிக்கப்படும், எல்லோரும் டேமேஜஸ் என்று சொல்லும் தண்டத் தொகை. வட்டி என்பது சட்டத்திலேயே நிர்ணயிக்கப்பட்ட விகிதம். அதைக் குறைக்கும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை. தண்டத் தொகையோ விசாரணைக்குப் பிறகு விதிக்கப்படுவது. பிரிவு 14பி-யின் வாசகம் அதை வசூலிக்கலாம் என்றுதான் சொல்கிறது. வசூலித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. முதலாளிக்குத் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்றும், தண்டத் தொகை நிலுவைத் தொகையைத் தாண்டக் கூடாது என்றும் அதே பிரிவு வரம்பு கட்டுகிறது.

இந்த வேறுபாடு மேல்முறையீட்டுக்கு உயிர்நாடி. பிரிவு 7ஐ-யின் கீழ் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு செல்லக்கூடிய உத்தரவுகளின் பட்டியலில் 14பி இருக்கிறது, 7கியூ இல்லை. ஆற்காடு டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: 7கியூ உத்தரவு தனித்து நின்றால் அதன்மீது மேல்முறையீடு கிடையாது; மேல்முறையீடு செய்யத்தக்க வேறொரு உத்தரவோடு சேர்த்து ஒரே கூட்டு உத்தரவாகப் பிறப்பிக்கப்பட்டால் உண்டு. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பல அலுவலகங்கள் ஒரே விசாரணையை நடத்திவிட்டு இரண்டு உத்தரவுகளைத் தனித்தனியாகப் பிறப்பிக்கின்றன. அப்படி வந்தால், வட்டிக் கணக்கில் தவறு இருக்கும்பட்சத்தில் அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் (அரசு அமைப்பின் உத்தரவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) வழி. தண்டத் தொகைக்கு மட்டும் தீர்ப்பாயம். இரண்டையும் ஒரே மனுவில் போட்டுவிட்டு, வட்டி தொடர்பான பகுதி ஏற்கத்தக்கதல்ல என்று திருப்பி அனுப்பப்படுவது வீண் அலைச்சல்.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வட்டி, தண்டத் தொகை, தீர்ப்பாய மேல்முறையீடு ஆகியவற்றை வேறு பிரிவு எண்களில் கொண்டிருக்கிறது. எனவே உங்கள் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தக் காலத்துத் தாமதத்துக்காக வந்திருக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படுபவை 1952 சட்டத்தின் கீழ் வரும் உத்தரவுகளுக்கானவை.

அட்டவணையை வரி வரியாகச் சரிபார்த்தல்

நோட்டீஸின் இணைப்பில் சம்பள மாதம், கெடு தேதி, பணம் கட்டிய தேதி, தாமத நாட்கள், ஒவ்வொரு கணக்கிலும் செலுத்திய தொகை ஆகியவை வரிசையாக இருக்கும். கணக்கு எண் 1 வருங்கால வைப்பு நிதி, 2 நிர்வாகக் கட்டணம், 10 ஓய்வூதியம், 21 காப்பீடு, 22 காப்பீட்டு நிர்வாகக் கட்டணம். இந்த அட்டவணை கணினி தானாக எடுத்துத் தருவது என்பதால், அதில் பிழை இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கணினிக்கு ஒரு சலான் எந்த மாதத்துக்கு உரியது என்பது மட்டுமே தெரியும். அந்தச் சலான் ஏன் போடப்பட்டது என்பது தெரியாது.

ஒவ்வொரு மாதத்துச் சந்தாவும் அந்த மாதம் முடிந்த 15 நாட்களுக்குள் கட்டப்பட வேண்டும். முன்பு கூடுதலாக 5 நாள் சலுகை இருந்தது. 2016 ஜனவரியில் வந்த சுற்றறிக்கையால் அது நீக்கப்பட்டது. ஆகவே 2015-ஆம் ஆண்டு வரையிலான மாதங்கள் உங்கள் அட்டவணையில் இருந்தால், அந்த 5 நாள் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்து விகிதம். வைப்பு நிதித் திட்டத்தின் பத்தி 32ஏ-யில் 2008 செப்டம்பர் முதல் இருந்த விகிதம் இது: இரண்டு மாதத்துக்குக் குறைவான தாமதத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம், இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் 10, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் 15, ஆறு மாதமும் அதற்கு மேலும் 25 சதவீதம். 2008-க்கு முன்பு இதுவே 17, 22, 27, 37 என்று இருந்தது. 2024 ஜூன் 14 அறிவிக்கைக்குப் பிறகு அடுக்குகள் எல்லாம் போய், மாதத்துக்கு நிலுவையில் 1 சதவீதம் என்ற ஒரே விகிதம் வந்தது. இதைப் பெரும் சலுகை என்று பலரும் வரவேற்றார்கள். நீண்ட தாமதக்காரர்களுக்கு அது உண்மைதான். ஆனால் பத்து இருபது நாள் தாமதிப்பவருக்கு முன்பு ஆண்டுக்கு 5 சதவீதமாக இருந்தது இப்போது 12 சதவீதம் என்ற அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அறிவிக்கைக்கு முந்தைய தாமதங்களும் பிந்தைய தாமதங்களும் ஒரே நோட்டீஸில் கலந்து வரும்போது, எந்த வரிக்கு எந்த விகிதம் போடப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் உள்ள ஒரு சிறு வார்ப்பாலை 2023 மார்ச் மாதச் சம்பளத்துக்கான 1,20,000 ரூபாயை ஏப்ரல் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும்; ஜூலை 20 அன்று கட்டியதாக அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 16 முதல் ஜூலை 20 வரை 96 நாட்கள். இரண்டு மாதத்துக்கு மேல், நான்கு மாதத்துக்குள் என்பதால் 10 சதவீத அடுக்கு. தண்டத் தொகை ஏறத்தாழ 3,156 ரூபாய். வட்டி ஏறத்தாழ 3,787 ரூபாய். இதே வரிக்கு 25 சதவீதம் போடப்பட்டிருந்தால் தண்டத் தொகை 7,890 ரூபாயாகிவிடும். இப்போது வங்கிக் கணக்கை எடுத்துப் பார்க்கும்போது, ஏப்ரல் 14 அன்றே 80,000 ரூபாய் ஒரு சலானில் போயிருக்கிறது, மீதி 40,000 மட்டுமே ஜூலையில் போயிருக்கிறது என்று தெரியவந்தால், தண்டத் தொகை 1,052 ரூபாய்தான். இப்படி ஒரு வரியிலேயே இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். அறுபது எழுபது மாதங்கள் கொண்ட நோட்டீஸில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதற்காகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அலுவலகத்தின் அட்டவணைக்குப் பக்கத்தில் உங்களுடைய அட்டவணையைத் தயாரியுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஈசிஆர் (இணையத்தில் தாக்கல் செய்யும் மாதாந்திர மின்னணுக் கணக்கு) தேதி, சலானின் டிஆர்ஆர்என் எண் (அந்தக் கணக்குக்கு இணையதளம் தரும் குறிப்பு எண்), வங்கிக் கணக்கில் பணம் கழிக்கப்பட்ட தேதி, வேறுபாடு இருந்தால் அதற்கான காரணம் ஆகியவற்றை நிரப்புங்கள். நிலுவைச் சம்பளம், பின்தேதியிட்ட ஊதிய உயர்வு ஆகியவற்றுக்காகப் பிறகு கட்டிய தொகை, பழைய மாதங்களின் தாமதமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று தனியே பாருங்கள். சம்பள உயர்வு ஒப்பந்தம் செப்டம்பரில் கையெழுத்தாகி ஏப்ரல் முதல் அமலாகும்போது, ஏப்ரலில் அந்தத் தொகை கொடுக்க வேண்டியதாகவே இருந்திருக்காது. ஒப்பந்த நகலை இணைத்து இதைச் சொல்லலாம்.

ஆணையர் முன் விசாரணை

இந்தக் கட்டத்தில் செய்யும் தவறுகளைப் பின்னால் சரிசெய்வது கடினம் என்பதால் இங்கே சற்று அதிகமாகவே நிற்க வேண்டியிருக்கிறது. விசாரணைத் தேதிகளில் நிறுவனத்தின் சார்பில் போகிறவர், கையில் பதில் இல்லாமல் வாய்தா கேட்டுவிட்டு வருவதும், கடைசித் தேதியில் கணக்கை ஒப்புக்கொள்கிறோம், தொழில் நட்டம், தயவுசெய்து குறைக்கவும் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. உத்தரவில் முதலாளி தாமதத்தை ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி ஏறிவிடும். பிறகு தீர்ப்பாயத்தில் எந்த வாதத்தை எடுத்தாலும் அந்த வரிதான் எதிரே வந்து நிற்கும்.

எழுத்து மூலமான பதில் மூன்று தளங்களில் அமைய வேண்டும். முதலாவது கணக்கு: மேலே சொன்ன ஒப்பீட்டு அட்டவணை. இரண்டாவது காரணம்: ஒவ்வொரு காலத் தாமதத்துக்கும் தனிக் காரணம், அதற்கான ஆவணம். மூன்றாவது அளவு: காரணம் முழுமையாக ஏற்கப்படாவிட்டாலும் தண்டத் தொகை ஏன் குறைக்கப்பட வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கை. இந்த மூன்றாவதை எழுத மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

காரணங்களில் எது நிற்கும், எது நிற்காது என்பதில் நீதிமன்றங்கள் நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பேசியிருக்கின்றன. 1979-இல் ஆர்கனோ கெமிக்கல் வழக்கில் மின்வெட்டையும் பங்குதாரர்களுக்கு இடையிலான தகராறையும் காரணமாகச் சொன்ன நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை. 1998-இல் இந்துஸ்தான் டைம்ஸ் வழக்கிலும் பண நெருக்கடி, பிற கடன்கள் ஆகியவை தொழிலாளியின் வைப்பு நிதியைத் தாமதிக்க நியாயமாகாது என்றே சொல்லப்பட்டது. எனவே நட்டம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பிப் போனால் பலன் இல்லை. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து அவருடைய 12 சதவீதப் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் வைத்திருந்த மாதங்களில் இந்த வாதத்தை எடுப்பது கூடுதல் ஆபத்து. அது குற்றவியல் நம்பிக்கை மோசடியாகவும் கருதப்படக்கூடியது. அந்த மாதத்தில் சம்பளமே கொடுக்க முடியாமல் இருந்தது என்றால் கதை வேறு. சம்பளப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் வைத்து அதை நிரூபித்தால், வேண்டுமென்றே செய்ததல்ல என்ற வாதத்துக்கு எலும்பு கிடைக்கும்.

ஓரளவு வலுவாக நிற்கக்கூடிய காரணங்கள் வேறு வகையானவை. நிறுவனத்துக்குச் சட்டம் பொருந்துமா என்ற வழக்கு நிலுவையில் இருந்து, நீதிமன்றத் தடையும் இருந்த காலம். பின்தேதியிட்டுச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டு, நிறுவனத்துக்கான பி.எஃப். குறியீட்டு எண்ணே பிறகுதான் ஒதுக்கப்பட்ட காலம். இணையதளம் இயங்காத நாட்கள், அதற்கு அன்றே எடுத்த திரைப்பதிவும் அனுப்பிய புகார் மின்னஞ்சலும் கையில் இருந்தால். கொரோனா ஊரடங்குக் காலம். ஊரடங்கின்போது ஏற்பட்ட தாமதங்களுக்குத் தண்டத் தொகை நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2020 மே 15 அன்று வைப்பு நிதி நிறுவனமே சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த மாதங்கள் உங்கள் அட்டவணையில் இருந்தால் சுற்றறிக்கையின் நகலை இணைத்து அவற்றை நீக்கக் கோருங்கள். வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை.

பழைய காலத்துக்கான நோட்டீஸ் என்றால் கால தாமதம் பற்றிய வாதமும் வரும். 14பி நடவடிக்கைக்கு இந்தச் சட்டத்தில் காலவரம்பு இல்லை என்று இந்துஸ்தான் டைம்ஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தாமதத்தால் முதலாளிக்கு மீட்க முடியாத பாதிப்பு ஏற்பட்டதென்று காட்டினால் அதைக் கருதலாம் என்ற இடைவெளியையும் அதே தீர்ப்பு விட்டுவைத்திருக்கிறது. பத்தாண்டு கழித்து நோட்டீஸ் விட்டார்கள் என்று புலம்புவது வாதமாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அலுவலகத் தரைத்தளம் மூழ்கி இன்ன ஆண்டுப் பதிவேடுகள் அழிந்தன, அதற்குரிய காப்பீட்டுக் கோரிக்கை நகல் இது என்று சொல்வதே வாதம்.

வேண்டுமென்றே செய்யும் மனம் இருந்ததா என்ற கேள்வி மேல்முறையீடுகளில் மிக அதிகமாக அடிபடுவது. 2014-இல் மெக்லியோட் ரசல் வழக்கிலும், 2017-இல் ஆர்எஸ்எல் டெக்ஸ்டைல்ஸ் வழக்கிலும், குற்ற மனம் பற்றிய முடிவு உத்தரவில் இருக்க வேண்டும் என்ற நிலைப்பாடு முதலாளிகளுக்கு உதவியது. ஆனால் 2022 பிப்ரவரியில் குடகு மாவட்டம் கோணிகொப்பல் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தின் வழக்கில், தண்டத் தொகை விதிக்கக் குற்ற மனம் அவசியக் கூறு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் ஆர்எஸ்எல் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி மனு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு 2022 தீர்ப்பை நீட்டியதும் அந்த மனு படுத்துவிடும். என் கருத்தில், குற்ற மனம் இல்லை என்பதைத் தனி அஸ்திவாரமாக வைக்காமல், தொகையைக் குறைப்பதற்கான சூழ்நிலையாக வைப்பதே இப்போது பாதுகாப்பு. சட்டத்தின் வாசகம் விருப்புரிமை தருகிறது, விருப்புரிமை உள்ள இடத்தில் காரணங்களைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்ற வாதம் 2022-க்குப் பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு தொடர்பான 1994-ஆம் ஆண்டு பிரஸ்டோலைட் வழக்கில், விகித அட்டவணை இருந்தாலும் தணிக்கும் சூழ்நிலைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இதற்குத் துணையாகக் காட்டலாம்.

விசாரணை முடியும் முன், மறுக்க முடியாத வட்டியைக் கட்டிவிடுவது நல்லது. அது நேர்மையைக் காட்டும். பின்னால் தடை கேட்கும்போதும் உதவும். பதிலை அலுவலகத்தில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது தொகையை அல்ல. நீங்கள் கொடுத்த பதிலின் ஒவ்வொரு அம்சமும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, குறிப்பிடப்பட்டு ஏன் நிராகரிக்கப்பட்டது என்று சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலாளியின் விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தால், காரணம் கூறாத உத்தரவு என்பதே உங்கள் முதல் வாதம். நோட்டீஸ் மூடப்பட்ட பழைய முகவரிக்குப் போய், விசாரணையே உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அது அதைவிட வலுவானது. பிரிவு 7பி-யின் கீழான மறுஆய்வு, கட்ட வேண்டிய தொகையை நிர்ணயிக்கும் 7ஏ உத்தரவுகளுக்கு உரியது. 14பி உத்தரவுக்கு அந்த மனுவைப் போட்டுக் காத்திருந்து நாட்களைத் தொலைக்காதீர்கள்.

நாட்கள் உண்மையிலேயே குறைவு. உத்தரவு பிறப்பிக்கப்பட்ட தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை அனுமதிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்கும் அதிகாரம் விதிகளில் இல்லை. தபால் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்காமல், உத்தரவின் மேல் உள்ள தேதியிலிருந்தே எண்ணுங்கள். உத்தரவு வந்த உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

தீர்ப்பாயத்தில் தாக்கல்

முன்பு இதற்கெனத் தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் அது மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டு நிறுவனங்களின் மேல்முறையீடுகள் சென்னையில் உள்ள மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே உள்ளது.

விதிகளில் தரப்பட்ட படிவத்தில் எழுதப்படும் மனுவோடு, உத்தரவின் சான்றிட்ட நகல், நோட்டீஸ், அட்டவணை, ஆணையரிடம் கொடுத்த பதில், சலான்கள், வங்கிக் கணக்கு நகல்கள், உங்கள் ஒப்பீட்டு அட்டவணை ஆகியவை பக்க எண்ணிட்டு இணைக்கப்பட வேண்டும். மனுவில் முதலில் கணக்குப் பிழை, பிறகு இயற்கை நீதி மீறல் (தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமை), பிறகு காரணங்கள் பரிசீலிக்கப்படாமை, கடைசியில் தொகையைக் குறைக்கும் மாற்றுக் கோரிக்கை என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. கணக்குப் பிழையை முதலில் வைப்பதற்குக் காரணம், அதற்குப் பதில் சொல்ல எதிர்த் தரப்பு அலுவலகக் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்பதுதான்.

முன்பணம் பற்றி ஒரு குழப்பம் பரவலாக உள்ளது. பிரிவு 7ஓ-வின்படி 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும் என்பது பிரிவு 7ஏ-யின் கீழ் நிர்ணயிக்கப்பட்ட தொகைக்கு மட்டுமே. 14பி தண்டத் தொகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மேல்முறையீடு தாக்கல் செய்ததாலேயே வசூல் நின்றுவிடாது. வசூல் அலுவலர் பிரிவு 8எஃப்-இன் கீழ் உங்கள் வங்கிக்கே உத்தரவு அனுப்பிப் பணத்தை எடுத்துக்கொள்ள முடியும். எனவே மனுவோடு சேர்த்தே இடைக்காலத் தடை கோரும் மனுவையும் பிரமாணப் பத்திரத்தோடு போட வேண்டும். தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் தண்டத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தடை தருகின்றன. அந்தக் கெடுவைத் தவறவிட்டால் தடை தானாகவே போய்விடும் என்று உத்தரவில் இருக்கும். அந்த வரியை உங்கள் கணக்காளருக்குப் படித்துக் காட்டுங்கள். தடை கிடைத்த அன்றே அதன் நகலை மண்டல அலுவலகத்துக்கும் வசூல் அலுவலருக்கும், முடக்கம் வந்திருந்தால் வங்கிக் கிளைக்கும் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

விசாரணை முடிவில் தீர்ப்பாயம் உத்தரவை உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம், அல்லது புதிதாக விசாரிக்கச் சொல்லி ஆணையருக்கே திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பப்பட்டால் சோர்ந்துவிட வேண்டாம். முதல் சுற்றில் கொடுக்கத் தவறிய ஆவணங்களைக் கொடுக்க அதுவே இரண்டாவது வாய்ப்பு.

தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராக இன்னொரு மேல்முறையீடு சட்டத்தில் இல்லை. உயர் நீதிமன்றத்தில், அதாவது சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ரிட் மனு மட்டுமே போட முடியும். அங்கே கணக்கை மறுபடி பார்க்கமாட்டார்கள். அதிகார வரம்பு மீறல், வெளிப்படையான சட்டப் பிழை, வாய்ப்பு மறுப்பு ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். தொகை சிறியது என்றால் வழக்குச் செலவையும் எதிரே எழுதிப் பார்த்த பின் முடிவெடுங்கள். நிறுவனத்தை விற்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்: பிரிவு 17பி-யின்படி மாற்றத்துக்கு முந்தைய பாக்கிக்கு விற்பவரும் வாங்குபவரும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு, அதில் 14பி தண்டத் தொகையும் அடங்கும் என்று மெக்லியோட் ரசல் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. நிலுவையில் உள்ள மேல்முறையீட்டை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, யார் கட்டுவது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.